பனி அள்ளும் வரிசை

கிரான்ட்ரெஸ்க் நகராட்சி அலுவலகத்தில் ஐஸ் ஹாக்கியைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஆள் ஒருவர்தான். கோப்புப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கும் எவர்ட் ஹெக்மார்க். இந்த விஷயம் வேறு யாருக்கும் தெரியாது என்றுதான் அவர் நினைத்திருந்தார். திங்கட்கிழமை காலை காப்பி வேளையில் எல்லோரும் வார இறுதி ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது, அவர் இலவங்கப்பட்டை ரொட்டியைப் பிய்த்தபடி, "கடைசி நிமிஷத்துல பாத்தியா" என்பார். எல்லா ஆட்டத்திலும் கடைசி நிமிஷம் என்று ஒன்று இருந்தது. அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே இருபத்திரண்டு குளிர்காலத்தை ஓட்டிவிட்டார்.

அக்டோபர் மாதத்தில் ஒருநாள் நகராட்சித் தலைமை அதிகாரி யோர்டிஸ் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள்.

"எவர்ட், உனக்கு ஹாக்கி தெரியாதுல்ல?"

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான். பதினஞ்சு வருஷமா இதைச் சொல்லித்தான் சிரிக்கிறாங்க. அதை விடு. இப்ப உன்னை மாதிரி ஒரு ஆளுதான் எனக்கு வேணும்."

எவர்ட்டுக்குக் காது மடல் சூடானது. யோர்டிஸ் அதைக் கவனிக்காமல் மேசைமேல் ஒரு வரைபடத்தை விரித்தாள். பழைய மர அறுப்பு ஆலை இருந்த இடத்தில் நகராட்சி புதிதாகக் கட்டிய குடியிருப்பு. ஏழு தெருக்கள். ஏழுக்கும் நாட்டின் பெரிய ஹாக்கி ஆட்டக்காரர்களின் பெயர். ஃபோர்ஸ்பெர்க் தெரு, லிட்ஸ்ட்ரம் தெரு, சால்மிங் தெரு, லுண்ட்க்விஸ்ட் தெரு, இரட்டையர்களான செதீன் சகோதரர்களுக்கு ஹென்ரிக் தெரு, டேனியல் தெரு என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு, கடைசியாகக் கிழக்கு மூலையில் லோப் தெரு. எட்டாவது தெருவுக்கு நிலம் இல்லாததால் சுந்தீன் என்ற ஆட்டக்காரருக்கு நடுவிலிருந்த சதுக்கத்தைக் கொடுத்திருந்தார்கள்.

"பனி அள்ளுற ஹில்டிங், எந்தத் தெருவுல ஆரம்பிக்கிறதுன்னு எழுத்துல கேக்குறான். ஒப்பந்தத்துல வரிசை இருக்கணுமாம். ஒவ்வொரு தெருக்காரனும் எங்க தெருவுலதான்னு நிக்கிறான். நான் யோசிச்சேன். பேருதான் இருக்கே! பெரிய ஆட்டக்காரன் தெரு முதல்ல, அடுத்தவன் தெரு அடுத்து. பெருமையை யாரு எதிர்த்துப் பேச முடியும்?"

"நான் எதுக்கு?"

"இந்த ஊர்ல ஹாக்கி தெரிஞ்ச ஒருத்தனைக் கூப்பிட்டா, அவனுக்குன்னு ஒருத்தன் இருப்பான். உனக்கு யாரும் இல்ல. நீ வெள்ளைக் காகிதம்."

வெள்ளைக் காகிதம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னது. மைலிஸ் பள்ளிக்கூடச் சமையலறைக்குப் பொறுப்பு. முந்நூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு. காலை ஐந்தரைக்கு அங்கே அடுப்பு எரிந்தாக வேண்டும். அவள் உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"நம்ம வீடு எந்தத் தெரு?"

"லோப் தெரு."

"அப்புறம் என்ன? லோப்தான் பெரியவன். எழுதிக் குடுத்துட்டு வந்து சாப்பிடு."

"அப்படி எழுத முடியாது மைலிஸ். நியாயமா பார்க்கணும்."

"உனக்கு அந்த ரப்பர் வட்டு எந்தப் பக்கம் போகணும்னே தெரியாது. இதுல நியாயம் வேற."

அவள் சொன்னது உண்மைதான். அதனாலேயே எவர்ட் வேலையை மிகவும் கவனமாக எடுத்துக்கொண்டார். நூலகத்திலிருந்து பழைய ஆட்டப் பதிவுகளைக் கொண்டுவந்து வீட்டு நிலவறையில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தார். முதல் வாரம் ஒன்றும் புரியவில்லை. தலைக்கவசம் போட்ட ஆட்கள் ஒருவரை ஒருவர் சுவரில் மோதிக்கொண்டு திரிந்தார்கள். கோல் விழுந்ததே விழுந்த பிறகுதான் தெரிந்தது. இரண்டாவது வாரத்தில் வட்டு கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. மூன்றாவது வாரத்தில், தொண்ணூற்று நான்காம் வருட ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் ஃபோர்ஸ்பெர்க் ஒற்றைக் கையால் வட்டை நகர்த்தி கோல்கீப்பரை ஏமாற்றிய அந்தப் பெனால்டி அடியைப் பார்த்துவிட்டு, நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். அஞ்சல் தலையில் அச்சடித்த கோல் அது. அவரும் எத்தனையோ உறையில் அந்த அஞ்சல் தலையை நக்கி ஒட்டியிருக்கிறார். ஏதோ வழுக்கி விழும் ஆள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்.

லிட்ஸ்ட்ரம் தடுப்பாட்டம் ஆடுவதைப் பார்த்தபோது அவருக்கு வேறு மாதிரி இருந்தது. அந்த மனிதர் அவசரப்படவே இல்லை. எல்லா வட்டும் தானாக அவரிடம் வந்து சேர்ந்தன, ஒழுங்காக வைத்த கோப்புகள் கை நீட்டினதும் கிடைப்பது போல. எவர்ட் முதன்முறையாக ஒரு விளையாட்டு வீரரில் தன் இனத்தவன் ஒருவனைக் கண்டார்.

நவம்பர் நடுவில் பட்டியலைக் கொடுத்தார். ஃபோர்ஸ்பெர்க், லிட்ஸ்ட்ரம், சால்மிங், லுண்ட்க்விஸ்ட், ஹென்ரிக், டேனியல், லோப். கடைசியில் இருந்தது அவருடைய சொந்தத் தெரு. ஆனாலும் நேர்மையாகக் கையெழுத்துப் போட்டார்.

பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஏறிய இரண்டு மணி நேரத்தில் லுண்ட்க்விஸ்ட் தெருவிலிருந்து உல்ரிகா ஃபால்கிரேன் வந்தாள். மருத்துவச்சி. பனிக்காலத்தில் எந்த நேரத்தில் யாருக்கு வலி வரும் என்று சொல்ல முடியாத பிழைப்பு. வாழ்க்கையில் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை என்று ஊருக்கே தெரியும். அக்குளில் கனமான ஒரு கோப்பு.

"நாலாவது இடமா? பதினஞ்சு வருஷம் நியூயார்க்ல ஒரே கோலைக் காத்து நின்னிருக்கான் மனுஷன். மத்தவன் எல்லாம் ஒரு நிமிஷம் ஓடுவான், பெஞ்சுல வந்து உக்காருவான். இவன் அறுபது நிமிஷமும் நிக்கணும். என்னை மாதிரி."

"மத்தவங்க கோல் போடறாங்களே, உல்ரிகா."

"போடறது எல்லாருக்கும் வரும். வர்றதைப் பிடிக்கிறதுதான் கஷ்டம். முப்பது வருஷமா நான் பிடிச்சுட்டு இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

எவர்ட் குறித்துக்கொண்டார். அவள் வெளியே போகும்முன்னே வாசலில் டோர்கெல் நின்றிருந்தார். ஓய்வுபெற்ற நில அளவையாளர், ஹென்ரிக் தெரு. அவருக்குப் பின்னால் அவருடைய முன்னாள் மனைவி இங்கெகெர்ட், டேனியல் தெரு. விவாகரத்தாகி ஒன்பது வருடம் ஆன பிறகு இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் புது வீடு வாங்கியதில், இருவர் வீட்டுப் பின்புறமும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"ஹென்ரிக்தான் மூத்தவன். ஆறு நிமிஷம் முந்திப் பிறந்தவன். அஞ்சாவது இடம் சரி. நான் நன்றி சொல்லத்தான் வந்தேன்" என்றார் டோர்கெல்.

"அமெரிக்காக்காரன் ஆளெடுக்குறப்ப ரெண்டாவதா எடுத்தது டேனியலை. ஹென்ரிக்கை அப்புறம் மூணாவதா. இந்த ஆளு எப்பவும் இப்படித்தான், பாதிக் கதைதான் சொல்லுவாரு" என்றாள் இங்கெகெர்ட்.

"இரட்டைப் பிள்ளைங்கம்மா. ரெண்டு பேரும் சமம்தான்" என்றார் எவர்ட்.

"சமம்னா ஒரே நேரத்துல அள்ளச் சொல்லு!"

எவர்ட்டுக்கு அதில் நியாயம் இருப்பதாகத் தோன்றியது. பட்டியலைத் திருத்தி, இரட்டையர் தெருக்களில் முதலில் ஹென்ரிக் தெருவில் பாதி, பிறகு டேனியல் தெருவில் பாதி, பிறகு மீதிப் பாதிகள் என்று எழுதி அனுப்பினார். அன்று சாயந்தரமே ஹில்டிங் தொலைபேசியில் பிடித்தான்.

"யோவ் எவர்ட், பாதித் தெருவை அள்ளிட்டு வண்டியை எங்கப்பா திருப்புறது? பதினாலு டன். இடுப்புல தூக்கி வச்சுத் திருப்பவா?"

"பின்னாடியே எடுக்க முடியாதா?"

"எடுக்கலாம். தெருமுனைத் தபால்பெட்டி எல்லாத்தையும் கொண்டுவந்து உன் மேசையில வச்சுடறேன்."

பழைய பட்டியலே மறுபடி பலகையில் ஏறியது. அதைப் பற்றி டிசம்பர் முதல் சனிக்கிழமை பதினோரு மணிக்கு விளையாட்டரங்கில் பொதுக்கூட்டம். காப்பி, இஞ்சி பிஸ்கட், இருநூற்றுப் பத்துப் பேர். ஃபோர்ஸ்பெர்க் தெருக்காரர்கள் மட்டும் ஒன்றும் பேசாமல் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சால்மிங் தெருவிலிருந்து வந்த லாரி ஓட்டுநர் ஒருவன், ஸ்கேட் கத்தி கிழித்து முகத்தில் இருநூறுக்குமேல் தையல் போட்ட சால்மிங்கின் படத்தைப் பெரிதாக அச்சிட்டு அட்டையில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தான். "இதைப் பாத்துட்டு மூணாவதுன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லு" என்று எவர்ட்டின் முன் நீட்டினான். எவர்ட் பார்த்தார். உண்மையிலேயே சொல்ல முடியவில்லை.

அந்த நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து மைலிஸ் எழுந்தாள். கையில் காகிதம் எதுவும் இல்லை.

"ஒரு பருவத்துல அம்பது கோல்" என்றாள். "வட அமெரிக்காவுல. ஆளு பொடியன், என் தோளுக்குத்தான் வருவான். அவனைக் கடைசியில போட்டது யாரு? அந்தத் தெருவுலயே படுத்துத் தூங்குற ஆளு. ஏன் போட்டாரு? நேர்மையானவர்னு நாலு பேரு சொல்லணுமாம். நேர்மைக்கு நான் பலியா? நேர்மை வந்து முந்நூறு பிள்ளைங்களுக்குப் பட்டாணி சூப் வைக்குமா?"

அரங்கம் கைதட்டியது. ஃபோர்ஸ்பெர்க் தெருக்காரர்கள்கூடத் தட்டினார்கள். எவர்ட்டுக்கு வெட்கமாக இருந்தது. கூடவே, மனைவி சொன்ன எண்ணிக்கை சரியாக இருந்ததில் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அவர் தூங்கிய பிறகு அவள் நிலவறையில் இறங்கி அதே பதிவுகளைப் பார்த்திருக்கிறாள் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

மறுவாரம் மாவட்ட நிர்வாக நீதிமன்றத்துக்கு முறையீடு போனது. அதன் நகல் எவர்ட்டின் மேசைக்கே வந்தது, ஏனென்றால் வருகிற கடிதத்துக்கெல்லாம் எண் போடுவது அவர் வேலை. மனுதாரர், மைலிஸ் ஹெக்மார்க், லோப் தெரு ஒன்பது. எதிர்த்தரப்பில் முடிவெடுத்த அலுவலர், எவர்ட் ஹெக்மார்க், லோப் தெரு ஒன்பது. அவர் எண் போட்டு, முத்திரை குத்தி, முறைப்படி பெற்றுக்கொண்டதற்கான ரசீதை உறையில் போட்டு, மனுதாரருக்குச் சாயந்தரம் கையோடு கொண்டுபோய்க் கொடுத்தார்.

"கிடைச்சுதா?" என்றாள் அவள்.

"கிடைச்சுது. மூணாவது பத்தியில ஒரு எழுத்துப் பிழை."

"நீதிபதி பாத்துப்பாரு. நீ மீனைச் சாப்பிடு."

அதற்குமேல் அவர்கள் வீட்டில் அந்தப் பேச்சு இல்லை. வேறு பேச்சும் அதிகம் இல்லை. பனி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்துகொண்டிருந்தது. விழுந்ததை ஹில்டிங் பட்டியல்படி அள்ளினான். லோப் தெருவுக்கு அவன் வருவதற்குள் மைலிஸ் தள்ளுசறுக்கியில் ஏறி, காலால் உதைத்து உதைத்துப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்திருப்பாள்.

பிப்ரவரி எட்டாம் தேதி நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்தது. சால்மிங் பெரியவரா லிட்ஸ்ட்ரம் பெரியவரா என்பதில் சட்டம் கருத்துச் சொல்லாது என்றும், ஆனால் நகராட்சி எந்த அளவுகோலால் பெருமையை அளந்தது என்பதை எழுத்தில் விளக்கியாக வேண்டும் என்றும், அதுவரை பட்டியலுக்குத் தடை என்றும் அதில் இருந்தது. யோர்டிஸ் அதை நான்கு முறை படித்தாள்.

"அப்ப வரிசை இல்ல. வரிசை இல்லாம ஒரு தெருவை முதல்ல அள்ளினா, அதுவே ஒரு வரிசை. தடையை மீறினதாயிடும். ஹில்டிங்கை நிறுத்து."

"பனி பெய்ஞ்சா?"

"சட்டம் பனியைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

மறுநாள் அதிகாலையிலிருந்து பெய்தது. ஒன்பது மணிக்கு முழங்கால், பத்துக்குத் தொடை, அதோடு நின்றது. பள்ளிக்கூடம் விடுமுறை. காரெல்லாம் சின்னச் சின்ன வெள்ளை மேடாகிவிட்டன. சுந்தீன் சதுக்கத்துக்கு வருகிற பெரிய சாலையின் முனைவரைக்கும் அள்ளிவிட்டு, ஹில்டிங் வண்டியை எஞ்சின் ஓட நிறுத்தி உள்ளே உட்கார்ந்து குடுவையிலிருந்து காப்பி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தான். பனி தள்ளும் பெரிய கத்தி சதுக்கத்தின் விளிம்பை ஒரு சாண் தொட்டும் தொடாமலும் நின்றது.

ஏழு தெருக்காரர்களும் மண்வாரியோடு வெளியே வந்தார்கள். வாயில் ஆவி பறக்க வேலையை ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு தெருவும் தன் ஆட்டக்காரனின் மானத்துக்காக வாரியது. சால்மிங் தெரு லாரி ஓட்டுநர் கோட்டைக் கழற்றிப்போட்டு ஒற்றைச் சட்டையோடு நின்றான். டோர்கெல்லும் இங்கெகெர்ட்டும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வாரிய பனியை ஒருவர் பக்கம் ஒருவர் வீசினார்கள். அது திரும்பத் திரும்ப இடம் மாறியதே தவிரக் குறையவில்லை. எவர்ட்டும் மைலிஸும் லோப் தெரு முனையில் ஒரு வார்த்தை பேசாமல் வாரினார்கள். பதினொன்றரை மணிக்கு எல்லாரும் சதுக்கத்தில் வந்து முட்டி நின்றபோது, தெருக்களில் ஆள் நடக்கத்தான் வழி ஆகியிருந்தது. கார் போக வழி இல்லை.

உல்ரிகாதான் முதலில் எவர்ட்டைப் பார்த்தாள்.

"எங்க நம்ம வெள்ளைக் காகிதம்? நீதிமன்றமே கேக்குது, எப்படி அளந்தீங்கன்னு. இப்ப சொல்லுங்க. பட்டியலை விடுங்க. நகராட்சியை விடுங்க. உங்க மனசுல யாரு பெரியவன்?"

இருநூறு மண்வாரிகள் அசையாமல் நின்றன. எவர்ட்டை அவர் ஆயுளில் இதுவரை யாரும் ஹாக்கியைப் பற்றிக் கருத்துக் கேட்டதில்லை. கடைசி நிமிஷத்துல பாத்தியா என்று சொல்லித் தப்பிக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தார். பிறகு, பார்த்த முந்நூறு மணி நேரமும் தொண்டைக்கு வந்து நின்றது.

"சால்மிங்" என்றார்.

மைலிஸ் மண்வாரியைப் பனியில் குத்தி நிறுத்தினாள்.

"ஏன்னு சொல்றேன். அவரு கடல் தாண்டி ஆடப் போனப்ப, நம்ம ஆளுங்களை அங்க கோழைன்னு சொல்லிட்டிருந்தாங்க. பதினேழு வருஷம் அடி வாங்கி, அதைப் பொய்யாக்கினாரு. அவர் கதவைத் திறந்து வச்சாருல்ல, அதுல நுழைஞ்சு போனவங்கதான் மத்த எல்லாரும். பட்டியல்ல மூணாவது போட்டது தப்பு. நான் பயந்துட்டேன்."

சால்மிங் தெரு ஒரே கூச்சலாகக் கத்தியது. மற்ற ஆறு தெருவும் அதைவிடப் பெரிதாகக் கத்தியது.

"கதவு திறந்தவன் பெரியவனா, உள்ளே போய் நாலு கோப்பை ஜெயிச்சவன் பெரியவனா?"

"ரெண்டு ஒலிம்பிக் தங்கம்! ரெண்டு! விரல் இருக்குல்ல, எண்ணு!"

"கோல்கீப்பர் இல்லாம உன் தங்கம் எங்கய்யா?"

"அம்பது கோல்!" என்றாள் மைலிஸ், எல்லாருக்கும் மேலே. "எவர்ட், கேக்குதா? அம்பது! சால்மிங் எத்தனை போட்டான், சொல்லு!"

"அவர் தடுப்பாட்டக்காரர் மைலிஸ்!"

"தடுக்கவாவது தடுத்தானா?"

இரண்டு மாதத்தில் அவள் அவரிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான். எவர்ட் தொப்பியைக் கழற்றிப் பனியில் வீசிவிட்டு அவளுக்குப் பதில் சொன்னார். எண்ணிக்கை சொன்னார், வருடம் சொன்னார், நடந்த ஊரைச் சொன்னார். அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் வெட்டினாள். இருவர் முகமும் சிவந்து, மூக்கிலிருந்து நீர் வழிந்து, துடைக்கவும் நேரமில்லை. பக்கத்தில் டோர்கெல் பனியில் குச்சியால் கோடு போட்டு இரட்டையர்கள் வட்டைக் கடத்தும் விதத்தை விளக்க, இங்கெகெர்ட் குச்சியைப் பிடுங்கி அம்புக்குறியைத் திருத்தினாள்.

எத்தனை நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. வெயில் சரிய ஆரம்பித்தபோது, குரல் கம்மிப்போன லாரி ஓட்டுநர் தற்செயலாகத் திரும்பினான்.

"டேய், என்னடா இது?"

ஏழு தெருவும் தரை தெரியச் சுத்தமாகக் கிடந்தன. ஓரத்தில் ஆள் உயரத்துக்கு வெட்டி வைத்தது போலப் பனிச்சுவர். முனையில், பழைய இடத்திலேயே, ஹில்டிங்கின் வண்டி எஞ்சின் ஓட நின்றது. அவன் இரண்டாவது குடுவையைத் திறந்துகொண்டிருந்தான்.

கூட்டத்தில் நின்றிருந்த யோர்டிஸ் மூச்சு வாங்க அவனிடம் ஓடினாள். "எந்தத் தெருவை முதல்ல அள்ளின?"

"கவனிக்கலியே."

"பதினாலு டன் வண்டியை ஓட்டினவன் கவனிக்கலியா?"

"நானும் காதைத் தீட்டிக் கேட்டுட்டே ஓட்டினேன். ஃபோர்ஸ்பெர்க் விஷயம் சுவாரசியமா போச்சு."

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "யாராவது பார்த்தீங்களா?"

ஒருவரும் பார்க்கவில்லை. பதினாலு டன் இரும்பு தங்கள் முதுகுக்குப் பின்னால் உறுமிக்கொண்டு ஏழு தெருவும் சுற்றியிருக்கிறது, அதை இருநூறு பேரில் ஒருவர் காதிலும் விழாத அளவுக்குச் சத்தம். யார் தெரு முதல், யார் தெரு கடைசி என்று யாருக்கும் தெரியாததால் யாருக்கும் புகார் இல்லை. மைலிஸ் தன் முறையீட்டை அடுத்த வாரம் திரும்பப் பெற்றுக்கொண்டாள். எவர்ட் அதற்கும் எண் போட்டார்.

மார்ச் மாத நகராட்சிக் கூட்டத்தில் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. எழுதியவர் எவர்ட்தான். பனி பத்து சென்டிமீட்டருக்கு மேல் விழும் நாளில், கோப்புப் பிரிவு அலுவலர் சுந்தீன் சதுக்கத்துக்குச் சென்று, மிகச் சிறந்த ஆட்டக்காரர் யார் என்பது குறித்துத் தன் கருத்தைத் தெரிவிப்பார். குடியிருப்போர் மறுப்புத் தெரிவிப்பார்கள். அந்த இடைவெளியில் பனி அள்ளப்படும். அள்ளும் வரிசையைப் பார்ப்பது நாகரிகமல்ல.

யோர்டிஸ் அதில் ஒரே ஒரு திருத்தம் செய்தாள். அலுவலர் தன் உண்மையான கருத்தைத்தான் சொல்ல வேண்டும். பொய்யாகச் சொன்னால் கூட்டம் சீக்கிரம் கலைந்துவிடும் என்று ஹில்டிங் சொல்லியிருந்தான்.

அது எவர்ட்டுக்குக் கஷ்டமாக இல்லை. அவருடைய உண்மையான கருத்து வாரத்துக்கு வாரம் மாறியது. மார்ச் பன்னிரண்டாம் தேதி அவர் மனதார லிட்ஸ்ட்ரம் பக்கம் இருந்தார். இருபதாம் தேதி லுண்ட்க்விஸ்ட். அன்று உல்ரிகா நிகழ்ச்சிக்கு வர முடியவில்லை, ஃபோர்ஸ்பெர்க் தெருவில் ஒரு பிரசவம். தன் ஆள் முதலிடத்துக்கு வந்த ஒரே நாளைத் தவறவிட்டதற்கு அவள் அந்தக் குழந்தையை இன்னும் மன்னிக்கவில்லை.

மே மாதத் தொடக்கத்தில் பனி முழுக்க உருகியது. குளிர்காலம் முழுக்க வழுக்காமலிருக்கத் தெருவில் கொட்டிய சரளை மட்டும் மிச்சம். ஹில்டிங் கத்தியைக் கழற்றிவிட்டுச் சுழலும் தூரிகையை மாட்டிக்கொண்டு சாலை முனைக்கு வந்து நின்றான். சரளையைப் பெருக்குவதற்குத் தீர்மானத்தில் இடமில்லை. எந்தத் தெருவில் வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம். ஆனால் அவன் ஆரம்பிக்கவில்லை. ஒலிப்பானை இரண்டு முறை அடித்துவிட்டுக் காத்திருந்தான்.

வீட்டு முற்றத்தில் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த எவர்ட்டுக்கு அது கேட்டது. மைலிஸ் காப்பிக் குடுவையையும் இரண்டு கோப்பையையும் எடுத்துக்கொண்டு ஏற்கெனவே கதவைத் திறந்துவிட்டாள்.

"இன்னிக்கு யாரு?" என்றாள்.

"இன்னும் யோசிக்கல. சுந்தீனைப் பத்தி ஒரு எண்ணம் ஓடிட்டிருக்கு."

"சுந்தீனா? அவனுக்குத் தெருவே இல்லையே!"

"அதனாலதான்."

அவள் பாதி வழியில் நின்று அவரைத் திரும்பிப் பார்த்தாள். "எவர்ட், நீ சொல்றதுலயே இதுதான் ரொம்ப மோசமான கருத்து. நட, நடந்துட்டே சொல்றேன் ஏன்னு."